கிண்ணத்தின் அடியில் விரியும் இலை: வெளியே தெரியாத சீன ஊலாங்குகள்

நாட்டு மருந்துக் கடையில் சூரணம் மடித்துத் தருவார்களே, அப்படி ஒரு வெள்ளைத் தாள் பொட்டலம். நாலைந்து சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரித்தால் உள்ளே பிஸ்கட் மாதிரி கெட்டியாக ஒரு தேயிலைக் கட்டி. அடர்பச்சை, நடுநடுவே மஞ்சள், ஓரங்களில் செம்பழுப்பு. மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடாக்கிய கிண்ணத்தில் போட்டு மூடி, அரை நிமிடம் கழித்து மூடியைத் தூக்கினால்தான் அது பேச ஆரம்பிக்கிறது. முதலில் மழையில் நனைந்த பூவின் மணம், அதற்குப் பின்னால் பழத்தின் இனிப்பு. கொதிநீர் ஊற்றினாலும் கட்டி உடனே குலைந்துவிடாது. ஓரத்திலிருந்து ஒவ்வொரு இலையாகக் கழன்று, மூன்றாவது முறை நீர் ஊற்றும்போதுதான் முழுசாக விரிகிறது. விரிந்த இலையின் நடுப்பகுதி பச்சை. சுற்றிலும், சேலைக்குக் கரை போட்டதுபோல, சிவப்பு.

இதன் பெயர் ஜாங்பிங் ஷுய் சியென். தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஜாங்பிங் என்ற சிறு நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் விளைவது. ஊலாங் தேநீரை விரும்பிக் குடிப்பவர்களிலேயே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு: ஆன்ஷி வட்டாரத்தின் தியே குவான் யின், வூயி மலையின் தா ஹொங் பாவ். இரண்டும் அருமையான தேநீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டு பெயர்களின் நிழலில் எத்தனையோ செடிகள் மறைந்துபோயின. சில செடிகளின் இலை அந்தப் பெரிய பெயரிலேயே விற்கப்பட்டது. சிலவற்றை ஒன்றாகக் கலந்து பொதுப்பெயர் கொடுத்தார்கள். மறைந்து நின்ற அந்தச் செடிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை என்பதில் இருக்கும் ‘தே’ தெற்கு ஃபூஜியனில் பிறந்தது. மலேசியா, சிங்கப்பூர் தமிழர்கள் ஹொக்கியன் என்று சொல்லும் மொழியில் இந்த இலைக்குப் பெயர் ‘தே’. அந்த மொழி பேசிய வணிகர்களிடம் சரக்கு வாங்கிய டச்சுக்காரர்கள் சொல்லையும் ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனார்கள். மலாய் மொழியிலும் அது ‘தே’தான். கோலாலம்பூர் உணவுக்கடையில் ‘தே ஓ’ என்று கேட்டால் பால் விடாத தேநீர் வரும். அந்த ‘ஓ’ கறுப்பு என்று பொருள்படும் ஹொக்கியன் சொல். ஊலாங்கில் இருக்கும் ‘ஊ’வும் அதே சொல்தான். லாங் என்றால் டிராகன். ஆக ஊலாங் என்றால் கறுப்பு டிராகன். நாம் இங்கே பார்க்கப்போகும் ஊர்களில் ஆன்ஷியும் யோங்சுன்னும் பிங்ஹேவும் ஹொக்கியன் பேசும் நிலத்தில் இருப்பவை. தேயிலை என்று தமிழில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த மலைகளின் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஊலாங் என்றால் என்ன? பச்சைத் தேயிலையும் கறுப்புத் தேயிலையும் ஊலாங்கும் ஒரே தாவர இனத்தின் இலைகள்தான். பறித்த இலையை உடனே சூடுகாட்டி, அதிலுள்ள நொதிகளை அடக்கிவிட்டால் பச்சைத் தேயிலை. நசுக்கி, காற்றுபடவிட்டு, முழுக்கச் சிவக்கவிட்டால் கறுப்புத் தேயிலை. ஊலாங் நடுவில் நிற்கிறது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் அந்தத் தொழிலின் மொத்தக் கலையும் இருக்கிறது.

நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் கொழுந்து பறித்தவர்களுக்கு ‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்ற கணக்கு மனப்பாடம். ஊலாங்குக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மொட்டு விரிந்து, இலை கொஞ்சம் முற்றிய பிறகு, மூன்று நான்கு இலைகளோடு காம்பு சேர்த்துப் பறிக்கிறார்கள். இளங்கொழுந்தாக இருந்தால் பிறகு வரும் உலுக்கலைத் தாங்காமல் கன்றிக் கறுத்துவிடும். பறித்ததைக் கொஞ்ச நேரம் வெயிலில் வாடவிட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து மூங்கில் தட்டுகளில் பரப்புகிறார்கள். அப்புறம்தான் ராத்திரி வேலை. தட்டிலோ மூங்கில் உருளையிலோ இலையைப் போட்டு மெதுவாக உலுக்குவது, ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுவது, மறுபடி உலுக்குவது. நாலைந்து முறை இப்படி நடக்கும். உலுக்கும்போது இலைகளின் ஓரம் ஒன்றோடொன்று உரசி அங்கே மட்டும் செல்கள் உடைகின்றன. உடைந்த இடம் சிவக்கிறது. நடுப்பகுதி பச்சையாகவே இருக்கிறது. சேலைக் கரை போல நான் பார்த்த சிவப்பு இதுதான்.

இந்த உலுக்கலில் இன்னொன்றும் நடக்கிறது. பறித்த பிறகும் இலை கொஞ்ச நேரம் உயிரோடுதான் இருக்கிறது. அடிபட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ள மணப்பொருள்களைச் சுரக்கிறது. நெரோலிடால், இண்டோல், ஜாஸ்மின் லாக்டோன் என்று வேதியியலாளர்கள் பெயர் சொல்வார்கள். இவற்றில் கடைசி இரண்டும் மல்லிகைப் பூவிலும் இருப்பவை. பூ எதுவும் கலக்காத ஊலாங்கில் மல்லிகையின் சாயல் வருவது கற்பனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். விடிய விடிய அறையின் வாசனை மாறிக்கொண்டே வரும். பச்சைப்புல் வாடை போய், பூ மணம் வந்து, அதுவும் கனிந்து பழ மணமாகும். செய்பவர் மூக்கு சொல்லும் நேரத்தில் இலையைச் சூடான வாணலியில் போட்டு அந்த மாற்றத்தை நிறுத்துகிறார். அதன்பின் உருட்டுவது, உலர்த்துவது, கரி அனலில் வாட்டுவது. ‘இலையைப் பார்த்து இலையைச் செய்’ என்று அந்தத் தொழிலில் ஒரு வழக்கு உண்டு. ஒவ்வொரு செடியின் இலைக்கும் கனமும் ஈரமும் வேறு என்பதால், தியே குவான் யின்னுக்குச் செய்ததை அப்படியே இன்னொன்றுக்குச் செய்தால் கெட்டுப்போகும். அதனால்தான் செடியின் பெயர் முக்கியம் என்கிறேன்.

முதலில் ஆன்ஷி. இங்கே நான்கு பேர்பெற்ற செடிகள் உண்டு: தியே குவான் யின், ஹுவாங் தான், பென் ஷான், மாவ் சியே. முதல் செடி உலகப் புகழ் அடைந்தது. மற்ற மூன்றின் இலையும் இன்னும் சில செடிகளின் இலையும் வெகுகாலம் ‘ஸெ ஜோங்’ என்ற ஒரே பெயரில் ஒன்றாகக் கலந்து மூட்டை கட்டப்பட்டன. பலவகை என்று பொருள். ஏற்றுமதிச் சந்தைக்கு அது வசதி. ஆண்டுதோறும் சுவை மாறாமல் கலந்துகொடுக்கலாம். ஆனால் மூட்டைக்குள் போன செடி தன் பெயரை இழந்தது. அப்புறம் 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் லேசாக உலுக்கிய, பச்சைப்பசேலென்ற தியே குவான் யின்னுக்குச் சீனாவெங்கும் பெரிய மோகம் வந்தபோது, மற்ற செடிகளை நடுவதற்கே ஆர்வம் குறைந்தது.

இவற்றில் எனக்கு முதலில் அறிமுகமானது மாவ் சியே. அது ஏமாற்றத்தில் வந்த அறிமுகம். ஒரு கடையில் நல்ல விலை கொடுத்துத் தியே குவான் யின் வாங்கினேன். தேநீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்பார்த்த அந்த வழவழப்பான கனம் இல்லை. குடித்து முடித்து, இலைகளை வெள்ளைத் தட்டில் கொட்டி விரித்துப் பார்த்தேன். இலையின் ஓரம் முழுக்க ரம்பப்பல். கூர்மையாக, நெருக்கமாக, கொக்கி மாதிரி. கணுவை ஒட்டிய கொழுந்தில் வெள்ளைப் பூனைமயிர். மாவ் சியே என்றால் ‘மயிர் நண்டு’. இலையோரத்தின் பல்லும் கொழுந்தின் மயிரும் நண்டை நினைவூட்டியதால் வந்த பெயர். யாரோ ஒருவர் மயிர் நண்டைத் தியே குவான் யின் என்று விற்றுவிட்டார். அன்று கோபம்தான் வந்தது. பிறகு அதே மாவ் சியேவை அதன் சொந்தப் பெயரில், மூன்றில் ஒரு பங்கு விலையில் வாங்கிக் குடித்தபோது, இந்தத் தேநீருக்கு என்ன குறை என்று தோன்றியது. தெளிந்த மணம், லேசான மல்லிகைச் சாயல், நாக்கில் கொஞ்சம் துடிப்பு. தினமும் குடிக்க ஏற்றது. செடியும் கெட்டிக்காரச் செடி. எளிதில் வளரும், நிறைய இலை தரும். இன்னொருவர் பெயரில் விற்கப்பட்டதுதான் அதற்கு நேர்ந்த அநியாயம்.

பென் ஷான் இன்னும் சிக்கல். அது தியே குவான் யின்னின் நெருங்கிய உறவு போன்ற செடி. அனுபவம் உள்ளவர்களே குடித்துப் பார்த்துத் தடுமாறுவார்கள். உலர்ந்த இலையின் காம்பு மூங்கில் கணு மாதிரி மெலிந்து, கணுக்கணுவாகத் தெரியும் என்பது தொழில்காரர்கள் சொல்லும் அடையாளம். சுவை தியே குவான் யின்னைவிட ஒரு படி மெலிது. அதற்குமேல் இங்கே சொல்வதற்கு அதிகமில்லை.

ஹுவாங் தானைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதிலிருந்து செய்யும் தேநீரின் பெயர் ஹுவாங் ஜின் குய். மஞ்சள் பொன் ‘குய்’ என்று பொருள். குய் என்பது ஆஸ்மாந்தஸ் மலர். மிளகளவே இருக்கும் மஞ்சள் பூ, இலையுதிர்காலத்தில் ஒரு மரம் பூத்தால் தெருவே மணக்கும். அந்த மணம் இந்தத் தேநீரில் வருகிறது. உலர்ந்த இலை எடை குறைவாக, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வடித்த நீரும் வெளிர்மஞ்சள். ‘வானைத் துளைக்கும் மணம்’ என்று ஆன்ஷிக்காரர்கள் இதைச் சொல்வது மிகையாகப் படவில்லை எனக்கு. மூடியைத் திறந்தால் அறையின் மறுகோடியில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். ஆனால் வாயில் தெரியும் கனம் குறைவு. ஐந்தாம் வடிப்புக்குமேல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

இதன் பிறப்பைப் பற்றி ஆன்ஷியின் ஹூச்சியூ பகுதியில் ஒரு கதை சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வாங் தான் என்ற பெண் மணமாகி வந்தாள். மறுவீடு போய்த் திரும்பும்போது பிறந்த வீட்டிலிருந்து செடி கொண்டுவருவது அங்கே வழக்கம். அவள் கொண்டுவந்து நட்டவை தேயிலைக் கன்றுகள். அவை மற்றச் செடிகளுக்கு முன்பே தளிர்த்தன, இலை மஞ்சளோடி இருந்தது, மணம் தூக்கலாக இருந்தது. வாங் தான் கொண்டுவந்தது என்பது பேச்சுவழக்கில் ஹுவாங் தான் ஆகிவிட்டது. கதையின் உண்மை எப்படியோ, முன்பே தளிர்ப்பது நிஜம். ஆன்ஷியில் வசந்த அறுவடையைத் தொடங்கிவைப்பது இந்தச் செடிதான். தியே குவான் யின் பறிக்கப் பத்து நாளுக்குமேல் பொறுக்க வேண்டும். ஆய்வாளர்களும் இதை விடவில்லை. தியே குவான் யின்னோடு ஹுவாங் தானைச் சேர்த்து ஃபூஜியன் தேயிலை ஆய்வு நிலையத்தில் உருவாக்கியவைதான் ஜின் குவான் யின், ஹுவாங் குவான் யின், ஜின் மூ தான் போன்ற புதிய செடிகள். இன்று வூயி மலையிலும் அவை பரவலாக வளர்கின்றன. கனம் ஒரு பெற்றோரிடமிருந்து, மணம் மற்றவரிடமிருந்து.

ஆன்ஷிக்குப் பக்கத்து மாவட்டம் யோங்சுன். அங்கே விளைவது ஃபோ ஷோ, புத்தர் கை. விரல் விரலாகப் பிரிந்திருக்கும் ஒருவகை கடாரங்காய்க்குச் சீனத்தில் அந்தப் பெயர். தேயிலைச் செடிக்கு அந்தப் பெயர் வரக் காரணம் இலை. நான் பார்த்த தேயிலைகளில் இவ்வளவு பெரியதில்லை. நன்றாக வளர்ந்த இலை கிட்டத்தட்ட உள்ளங்கையளவு இருக்கும். தடிப்பு, மேற்பரப்பு கொப்புளித்ததுபோல மேடுபள்ளம், ஆனால் தொட்டால் மெத்து. அசப்பில் கடாரங்காய் இலைதான். அவ்வளவு பெரிய இலையைச் சுருட்டி உருட்டினால் எப்படி இருக்கும்? காய்ந்த சிப்பிச் சதை மாதிரி கனத்த முண்டு முண்டாக இருக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் ஒப்புமை சரியாகவே பொருந்துகிறது. கிண்ணத்தில் ஏழெட்டு முண்டுகள் போட்டாலே போதும், விரிந்து மூடியைத் தூக்கிவிடும்.

மணம்? நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் ஒரு வாசம் வருமே, புளிப்பும் இனிப்பும் எண்ணெய்ப்பிசுக்கும் சேர்ந்தது, அதன் அடங்கிய வடிவம். வாட்டல் ஏறிய ஃபோ ஷோவில் அது கொஞ்சம் பின்வாங்கி, வேகவைத்த பேரிக்காய் போல ஒன்று முன்னே வருகிறது. செடியில் சிவப்பு மொட்டு, பச்சை மொட்டு என்று இரண்டு வகை. சிவப்பு மொட்டைத்தான் உசத்தி என்பார்கள். ஆன்ஷியில் ஒரு துறவி கடாரங்காய் மரத்தில் தேயிலைக் கிளையை ஒட்டுக்கட்டி இந்தச் செடியை உண்டாக்கினார், பிறகு அது யோங்சுன் கோயிலுக்கு வந்தது என்று ஒரு மரபுக்கதை. தாவரவியல்படி அது நடக்காது. இரண்டும் வேறு வேறு குடும்பம், ஒட்டு பிடிக்காது. ஆனால் இலையைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அந்தக் கதையை ஏன் நம்பினார்கள் என்பது புரிகிறது.

ஃபோ ஷோவுக்குச் சீனாவுக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு. மலேசியாவில் மலாக்கா, மூவார் பக்கம் குடியேறிய சீனர்களில் யோங்சுன் ஊர்க்காரர்கள் நிறைய. அவர்களோடு இந்தத் தேயிலையும் கப்பலேறியது. புதுத் தேயிலையைக் குடிப்பதோடு, பழையதைப் பத்திரப்படுத்தி வயிற்று மந்தத்துக்கு மருந்துபோலவும் குடிப்பார்கள். பத்து இருபது வருஷம் சேமித்த ஃபோ ஷோவில் நார்த்தை மணம் ஏறக்குறைய போய்விடும். உலர்ந்த பிளம், பழைய மரப்பெட்டி, கொஞ்சம் கற்பூரம் போல ஒரு குளிர்ச்சி, இவைதான் மிஞ்சும். புது இலையையும் பழைய இலையையும் அடுத்தடுத்துக் குடித்தால் ஒரே செடி என்று நம்புவது கடினம்.

தெற்கே பிங்ஹே மாவட்டத்தைச் சீனர்கள் பம்ப்ளிமாஸ் பழத்துக்காக அறிவார்கள். அங்கே 1,500 மீட்டருக்குமேல் உயர்ந்த தாச்சின் மலையில் பாய் யா ச்சி லான் விளைகிறது. வெள்ளை மொட்டு, அபூர்வ ஆர்க்கிட் என்று பெயர் விரியும். பெயரிலேயே மணம் சொல்லியாகிவிட்டது. மணம் மூக்கில் தெரிவதைவிட விழுங்கியபின் தொண்டையில் தெரிவதுதான் இதன் தனித்தன்மை. காசு அதிகம் செலவழிக்காமல் ஊலாங் பழக நினைப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி தொடங்கிய இடத்துக்கு, ஜாங்பிங்குக்கு. அந்தக் கட்டியில் இருப்பது ஷுய் சியென் என்ற செடியின் இலை. அந்தச் செடியின் ஊர் ஜாங்பிங் இல்லை. வடக்கு ஃபூஜியனில் ஜியென்யாங் அருகே உள்ள ஷுய்ஜி. இது ஒரு விநோதமான செடி. பெரும்பாலான தேயிலைச் செடிகளுக்கு இரண்டு தொகுதி குரோமோசோம், இதற்கு மூன்று. அதனால் பூக்கும், காய்க்காது. விதையே கிடையாது. உலகில் உள்ள ஒவ்வொரு ஃபூஜியன் ஷுய் சியென் செடியும் ஒரு மனிதர் கிளையைப் பதியம் போட்டோ தண்டை நறுக்கி நட்டோ உண்டானது. மனிதர்கள் சுமந்துபோன இடத்துக்கெல்லாம் அது போயிருக்கிறது. வூயி மலைக்குப் போனது, அங்கே கரி அனலில் ஆழமாக வாட்டப்பட்டுக் கறுத்த பாறைத் தேநீர் ஆனது. பாறை இடுக்குகளில் வளரும் வூயி ஊலாங்குகளுக்கு அதுதான் பொதுப்பெயர். அறுபது வயதைத் தாண்டிய மரங்களின் இலையைப் ‘பழைய புதர்’ என்று தனியாகப் பிரித்து விற்கிறார்கள். பாசி படிந்த மரப்பட்டையின் வாசம் அதில் இருக்கும். அதே செடி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கே ஜாங்பிங்குக்கு வந்தது, சதுரக்கட்டி ஆனது.

கட்டியாக்கியதற்குக் காரணம் எளிது. ஷுய் சியென் இலை பெரிது. உதிரியாக உலர்த்தினால் இடத்தை அடைக்கும், நொறுங்கும், மணம் சீக்கிரம் போகும். முதலில் தாளில் உருண்டையாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். பிறகு மரச்சட்டம் வந்தது. மேசையில் தாளை விரித்து, மேலே சதுரச் சட்டத்தை வைத்து, உருட்டிய ஈர இலையைக் கையளவு போட்டு, மரக்கட்டையால் ஓர் அழுத்து. சட்டத்தைத் தூக்கி, தாளை நான்கு பக்கமும் மடித்து ஒட்டி, கூடையில் அடுக்கிக் கரி அனலில் மெல்ல உலரவிடுகிறார்கள். வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிட்டால் பூசணம் பிடிக்கும் என்பதால் அவசரப்பட முடியாது. வழிவழியாகக் கட்டியாகச் செய்யப்படும் ஊலாங் இது ஒன்றுதான். ஒரு கட்டி எட்டு முதல் பத்து கிராம், இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து குடிக்க ஒரு வேளைக்குச் சரி. 2022-இல் யுனெஸ்கோ சீனத் தேயிலைத் தயாரிப்பு மரபுகளை மனிதகுலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, அதில் அடங்கிய கலைகளில் ஜாங்பிங் ஷுய் சியென்னும் இருந்தது. அப்படியும் வெளியூர்க் கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வூயி மலையில் கதை வேறு. அங்கே தா ஹொங் பாவின் ஆறு தாய்ச்செடிகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். 2006-இலிருந்து அவற்றில் இலை பறிப்பதே இல்லை. ஆனால் செம்பாறைகளின் இடுக்குகளில் வளரும் பெயர்பெற்ற புதர்களின் பட்டியல் நீளமானது. அவற்றில் பாய் ஜி குவான் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். வெள்ளைச் சேவல் கொண்டை என்று பெயர். பச்சையம் குறைவு என்பதால் இளந்தளிர் வெளுத்த மஞ்சளாக, வெயிலில் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். சுற்றியுள்ள பச்சைப் புதர்களுக்கு நடுவே நோய்வாய்ப்பட்ட செடியோ என்று தோன்றும். சுவையிலும் அது வழிதவறிய பாறைத் தேநீர்தான். மற்றவை கறுவா, கரி, கருகிய சர்க்கரை என்று நெஞ்சை நிமிர்த்தி நிற்க, இது வேகவைத்த இளஞ்சோளம் மாதிரி மென்மையாக இனிக்கிறது. அதிகம் வாட்டினால் அந்த மென்மை செத்துவிடும், வாட்டாமல் விட்டால் பச்சை வாடை போகாது. செய்பவருக்குக் கடினமான இலை. விளைச்சலும் குறைவு. நல்லது கிடைத்தால் விலை கேட்காமல் ஒரு முறையாவது குடித்துவிட வேண்டும்.

ஷுய் ஜின் குய் என்று இன்னொன்று. இங்கே வரும் குய் பூ இல்லை, ஆமை. உச்சரிப்பில் தொனிதான் வேறு. நீர்ப் பொன்னாமை. ஒரு கோயிலுக்குச் சொந்தமான இந்தச் செடி பெருமழையில் மண்ணோடு சரிந்து கீழே இன்னொருவர் நிலத்தில் வந்து நின்றதாகவும், கீழே இருந்தவர்கள் கல்லணை கட்டிச் செடியை வைத்துக்கொள்ள, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கு நடந்ததாகவும் வூயியில் சொல்கிறார்கள். ஒரு செடிக்காக வெள்ளி வெள்ளியாகக் கொட்டிய வழக்கு. வாட்டலின் அடியில் பிளம் பூவின் மணம் இருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அது பூவைவிடப் பழமாகவே படுகிறது.

ஃபூஜியன் எல்லையைத் தாண்டினால் குவாங்தோங் மாகாணத்தில் சாவ்ஜோ. அங்குள்ள ஃபெங்ஹுவாங் மலையில் தான் சோங் என்ற ஊலாங் விளைகிறது. தனிப்புதர் என்று பொருள். ஒவ்வொரு மரத்தின் இலையையும் தனியே பறித்துத் தனியே செய்த வழக்கத்திலிருந்து வந்த பெயர். பெயரில்லாத செடியே அங்கே இல்லை எனலாம். தேன் ஆர்க்கிட் மணம், பாதாம் மணம், இஞ்சிப்பூ மணம், இரவில் வரும் மணம் என்று பத்து மணவகைகளை ஒப்பிப்பார்கள். யா ஷி சியாங் என்ற வாத்து எச்ச மணம் இப்போது பிரபலமாகிவிட்டது. நல்ல செடியை யாரும் திருடிவிடக் கூடாதென்று ஒரு விவசாயி வேண்டுமென்றே வைத்த பெயர் என்பார்கள். ‘வெள்ளிப்பூ மணம்’ என்று அழகாகப் பெயர் மாற்றிப் பார்த்தார்கள், குடிப்பவர்கள் பழைய பெயரை விடவில்லை.

அதே மலையில் பலரும் தாண்டிப்போகும் தேநீர் ஷி கு பிங் ஊலாங். ஷி கு பிங் என்பது ஷே இன மக்களின் கிராமம். சீனாவின் சிறுபான்மை இனங்களில் ஒன்றான ஷே மக்கள் ஃபெங்ஹுவாங் மலையைத் தங்கள் மூதாதையர் மலையாகப் போற்றுகிறார்கள். தான் சோங் இலை நீண்டு கறுத்து முறுக்கியிருக்கும். இது சின்ன இலை, மெல்லிய இலை, பச்சை மாறாதது. விரித்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரே ஒரு சிவப்பு இழை, நூல் பிடித்து வரைந்த மாதிரி. ‘ஒற்றைக் கோட்டுச் சிவப்பு’ என்றே அதற்குப் பெயர். அவ்வளவு சின்ன இலையை ராத்திரி முழுக்க உலுக்கியும் அந்த ஒரு கோட்டுக்குமேல் சிவக்கவிடாமல் நிறுத்துவது என்ன மாதிரியான கைப்பழக்கம் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

போடும் முறைக்கு அதிகக் கருவி வேண்டாம். நூறு மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணம், ஐந்து முதல் ஏழு கிராம் இலை, நன்றாகக் கொதித்த நீர். முதல் வடிப்புக்குப் பத்து நொடி, அப்புறம் ஒவ்வொரு தடவையும் சில நொடி கூட்டிக்கொண்டே போவது. உருண்டையாகச் சுருட்டியதும் ஜாங்பிங் கட்டியும் முதலில் கூடுதல் நேரம் கேட்கும். பால், சர்க்கரை எதுவும் வேண்டாம். சாவ்ஜோவில் மூன்றே சிறு கோப்பைகளை நெருக்கி வைத்து, பானையை மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள். குவான் கோங் நகர்வலம் வருகிறார் என்று அதற்குப் பெயர். கடைசிச் சொட்டுகளை மூன்றிலும் சமமாக விடுவதற்குப் பெயர் ஹான் சின் படை எண்ணுகிறார். இரண்டு பேரும் சீன வரலாற்றின் பெரும் தளபதிகள். கடைசிச் சொட்டில்தான் சாரம் இருக்கிறது, அது ஒருவருக்கே போய்விடக் கூடாது என்பது இதன் நியாயம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தச் செடி, எந்த ஊர். ஊலாங் என்றோ உயர்மலை ஊலாங் என்றோ மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம். லேசாக வாட்டிய ஜாங்பிங்கும் ஹுவாங் ஜின் குய்யும் சூடு தாங்காது. நம் ஊர் வெயிலில் காற்றுப் புகாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால்தான் மணம் நிற்கும். ஆழமாக வாட்டிய ஃபோ ஷோவும் பாறைத் தேநீரும் வெளியிலேயே இருக்கலாம், ஈரமும் மசாலா வாடையும் அண்டாமல் இருந்தால் போதும்.

அப்புறம் குடித்து முடித்த இலையைத் தூக்கி எறியாதீர்கள். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் நீர் விட்டு ஒரு இலையை மிதக்கவிட்டு, விரல் நுனியால் நீவி விரியுங்கள். ரம்பப்பல் இருந்தால் மயிர் நண்டு. மெலிந்து மஞ்சளோடி இருந்தால் வாங் தான் கொண்டுவந்த செடியாக இருக்கலாம். ஓரத்தில் ஒரே சிவப்பு இழை என்றால் ஷே மக்களின் கிராமம். உள்ளங்கையை அருகில் வைத்துப் பார்க்கும்படி ஒன்று விரிந்தால், அது யோங்சுன்னிலிருந்து வந்தது.